கரை எங்கே இருந்ததோ, அங்கே பெத்சாயிதா

கலிலேயா ஏரியின் வடகரைக்குப் போய்ப் பெத்சாயிதா எங்கே என்று கேட்டால், இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஒன்று, ஏரியிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும், கருங்கல் இறைந்து கிடக்கும் பெரிய மேடு. எத்-தெல் என்று பெயர். அரபியில் அதற்கு ‘மேடு’ என்றே அர்த்தம். அந்த அளவுக்கு ஊர்ப்பெயரே மறந்துபோன இடம். இன்னொன்று, தண்ணீரை ஒட்டி நாணல் புதருக்குள் கிடக்கும் தாழ்வான நிலம், எல்-அராஜ். இரண்டிலும் தோண்டியிருக்கிறார்கள். இரண்டிலும் மீன்பிடி வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் கிடைத்தன. எங்களுடையதுதான் அசல் பெத்சாயிதா என்று இரண்டு குழுவும் சொல்கிறது.

ஒரு ஊர் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆனால் இந்தச் சண்டையைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிற எனக்குத் தோன்றுவது, இது ஊரைப் பற்றிய சண்டையே இல்லை. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைப் பற்றிய சண்டை. அது தெரிந்துவிட்டால் மிச்சம் தானாக விழுந்துவிடும்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் ஜெபவீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வைக்கிற ‘பெதஸ்தா’ வேறு; அது எருசலேமில் இருந்த குளம். பெத்சாயிதா வடக்கே ஏரிக்கரையில் இருந்த ஊர். குழம்புவது நாம் மட்டும் இல்லை. யோவான் ஐந்தாம் அதிகாரத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றிலேயே அந்தக் குளத்துக்குப் பெத்சாயிதா என்று எழுதியிருக்கிறது. படியெடுத்தவர்களுக்கும் கை தவறியிருக்கிறது.

பெத்சாயிதா என்ற பெயருக்கு ‘மீன்பிடி வீடு’ அல்லது ‘வேட்டை வீடு’ என்று பொருள் சொல்கிறார்கள். பேதுரு, அந்திரேயா, பிலிப்பு மூவரும் அந்த ஊர்க்காரர்கள் என்கிறது யோவான் நற்செய்தி. குருடன் ஒருவனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போய் இயேசு பார்வை கொடுத்தது அங்கே என்கிறது மாற்கு. ஐயாயிரம் பேர் சாப்பிட்டது அதற்கு அடுத்த வனாந்தரத்தில் என்கிறது லூக்கா. கோராசினோடும் கப்பர்நகூமோடும் சேர்த்து அது சாபம் வாங்கிக்கொண்டதும் உண்டு. நற்செய்திகளில் இத்தனை தடவை பெயர் வருகிற ஊர் கலிலேயாவில் அதிகம் இல்லை. கப்பர்நகூமும் கோராசினும் இடம் தெரிந்து, வேலி போட்டு, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடங்களாகிவிட்டன. மூன்றாவது ஊருக்குத்தான் இந்தப் பாடு.

ஊரைத் தொலைப்பதற்கு முதல் காரியம் செய்தவர் ஒரு ராஜா. பெரிய ஏரோதின் மகன் பிலிப்பு, ஏரிக்குக் கிழக்கேயும் வடக்கேயும் உள்ள பகுதியை ஆண்டவர். கெனேசரேத்து ஏரி, அதாவது இதே கலிலேயா ஏரியின் கரையிலுள்ள பெத்சாயிதா கிராமத்தை அவர் பட்டணமாக உயர்த்தி, குடியும் கட்டடமும் பெருக்கி, ஜூலியாஸ் என்று பெயர் மாற்றினார் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். இராயரின், அதாவது ரோமப் பேரரசரின், மகளுடைய பெயரை வைத்தார் என்பது யோசேபஸின் கூற்று. ஆனால் அகஸ்துவின் மகள் ஜூலியா கி.மு. 2-லேயே நாடுகடத்தப்பட்டுவிட்டாள், தண்டனை பெற்றவள் பெயரை ஊருக்கு வைத்து எந்தச் சிற்றரசனும் ரோமைச் சீண்டமாட்டான். கி.பி. 29-ல் இறந்த அகஸ்துவின் மனைவி லிவியாவுக்கும் ஜூலியா என்ற பட்டப்பெயர் இருந்தது. பிலிப்பு கி.பி. 30-ல் அடித்த காசுகளில் அவள் பெயர் இருக்கிறது. ஆகவே அவளுக்காகத்தான் பெயர் மாற்றினார், அதுவும் அந்தச் சமயத்தில்தான் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. இதை வைத்துப் பார்த்தால் மாற்கு அந்த ஊரைக் ‘கிராமம்’ என்பதும், லூக்காவும் யோவானும் ‘பட்டணம்’ என்பதும் முரண்பாடாகத் தெரியவில்லை. ஒரே தலைமுறையில் ஊர் அந்தஸ்து மாறியிருக்கிறது.

பெயர் மாறியதால் வந்த வினை பின்னால் தெரியும். அதற்கு முன் யோசேபஸ் இன்னும் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிடலாம். அவர் சொல் இங்கே ஒரு வழிப்போக்கனின் சொல் இல்லை. ரோமருக்கு எதிரான கிளர்ச்சியில் கலிலேயாவின் தளபதியாக இருந்தவர் அவர். இந்த ஊருக்கு வெளியே சண்டை போட்டிருக்கிறார். ரோமர் பக்கம் நின்ற அகிரிப்பா ராஜாவின் படைத்தலைவன் சுல்லா, ஜூலியாசிலிருந்து ஐந்து ஸ்தாதியோன் தூரத்தில் பாளயம் இறங்கினானாம். அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அங்கே நடந்த மோதலில் யோசேபஸின் குதிரை சதுப்பில் கால் சிக்கி விழுந்தது. அவருக்கு மணிக்கட்டில் அடி. கப்பர்நகூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் தாரிகேயா என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து ஜூலியாசுக்குப் படகில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எதிரிகள் பயந்து பின்வாங்கினார்களாம். இன்னொரு இடத்தில், யோர்தான் நதி ஜூலியாசைத் தாண்டி ஏரியில் விழுகிறது என்கிறார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது: ஊர் யோர்தானின் கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது, சுற்றிலும் சதுப்பு, படகில் போய்ச் சேரலாம். கறாராகப் படித்தால் இது கரையோர ஊர். தாராளமாகப் படித்தால், படகை எங்கோ நிறுத்திவிட்டு அரைமணி நேரம் நடந்து போகிற ஊராகவும் இருக்கலாம்.

ஒரு ஊரா இரண்டா என்றே ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. ஐயாயிரம் பேர் சாப்பிட்டது பெத்சாயிதாவுக்கு அருகே என்கிறார் லூக்கா. சாப்பாடு முடிந்ததும் சீஷர்களைப் படகில் ஏற்றி ‘அக்கரையில்’ உள்ள பெத்சாயிதாவுக்கு அனுப்பினார் என்கிறார் மாற்கு. போதாக்குறைக்கு யோவான், ‘கலிலேயா நாட்டுப் பெத்சாயிதா’ என்கிறார். யோர்தானுக்குக் கிழக்கே இருந்தது பிலிப்பின் நாடு, கலிலேயா இல்லை. டச்சு அறிஞர் ரெலாண்ட் 1714-ல் இதற்கு ஒரு சுலபமான வழி சொன்னார்: கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு பெத்சாயிதா இருந்தன. முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றை வெட்டுகிற வேலை இது. கலிலேயா என்ற பெயர் நதிக்கரையோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சாட்சி உண்டு. கிழக்கே கம்லாவில் பிறந்த யூதாஸ் என்ற கலகக்காரனை யோசேபஸ் ஒரு இடத்தில் கவுலானியன் என்றும் வேறு இடங்களில் கலிலேயன் என்றும் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் புவியியலாளர் தாலமி ஜூலியாசைக் கலிலேயா ஊர்களின் பட்டியலில் வைத்திருக்கிறார். பேச்சு வழக்கில் ஏரியைச் சுற்றியுள்ளதெல்லாம் கலிலேயாதான். இரண்டாவது பெத்சாயிதாவை இன்று பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள்.

தேடலின் நவீனக் கதை 1838-ல் தொடங்குகிறது. எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க வேதபண்டிதரும், பெய்ரூட்டில் இருந்த மிஷனெரி எலி ஸ்மித்தும் ஒட்டகமும் குதிரையுமாகப் பலஸ்தீனாவைச் சுற்றினார்கள். ராபின்சனின் முறை மிக எளிது. அதுவரை பயணிகள் மடத்துத் துறவிகள் காட்டிய இடங்களையே நம்பினார்கள். இவர் துறவிகளை ஒதுக்கிவிட்டு உழவனிடமும் ஆடு மேய்ப்பவனிடமும், ‘இந்த மேட்டுக்கு என்ன பெயர்?’ என்று கேட்டார். ஸ்மித்துக்கு அரபி நன்றாகத் தெரியும். பழைய எபிரேயப் பெயர்கள் அரபி நாக்கில் தேய்ந்து உயிரோடு இருந்தன: ஆனதோத் ‘அனாத்தா’, பெத்தேல் ‘பெய்த்தீன்’, சீலோ ‘செய்லூன்’, கிபியோன் ‘எல்-ஜிப்’. பத்து நூற்றாண்டு தேடாத ஊர்களை இரண்டு பேர் சில மாதத்தில் அடையாளம் காட்டினார்கள் என்றால், அதற்குக் காரணம் மண்வெட்டி இல்லை, காது.

பெயர் ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை. தீர்ப்பு வேண்டுமானால் மண்ணுக்குள்ளிருந்து எழுத்து வரவேண்டும். எல்-ஜிப்பில் 1950களில் தோண்டியபோது ‘கிபியோன்’ என்று கீறிய சாடிக் கைப்பிடிகள் பல கிடைத்தன. ராபின்சன் சொன்னது சரியானது. கெசேரை 1871-ல் அடையாளம் சொன்ன கிளெர்மோன்-கன்னோ, ‘கெசேரின் எல்லை’ என்று பாறையில் வெட்டிய எழுத்தை 1874-ல் பார்த்தார். பெலிஸ்தரின் எக்ரோன் எங்கே என்று பல பத்தாண்டு நீண்ட வாதம், 1996-ல் தெல் மிக்னேயில் ஐந்து வரிக் கல்வெட்டு ஒன்று வெளியே வந்ததும் அன்றோடு முடிந்தது. எக்ரோனின் அதிபதி என்று அதிலேயே எழுதியிருந்தது.

எழுத்து வராத இடத்தில் பெரிய ஆட்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பானையோட்டை வைத்துக் காலம் கணிக்கும் முறையையே பலஸ்தீனாவுக்குக் கொண்டுவந்த பிளிண்டர்ஸ் பெட்ரி, 1890-ல் தெல் எல்-ஹெசியைத் தோண்டும்போது அது லாகீசு என்று நம்பினார். லாகீசு வேறு மேட்டில், தெல் எத்-துவெய்ரில் இருந்தது. பெட்ரியின் முறை இன்றும் நிற்கிறது, அவர் சொன்ன முகவரி நிற்கவில்லை.

பெத்சாயிதாவில் ராபின்சனுக்குக் காது உதவவில்லை. ஊர் ஜூலியாஸ் ஆனது, பிறகு அழிந்தது, அரபிப் பெயர் எதிலும் பெத்சாயிதா தெளிவாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சமவெளியில் பெரிய இடிபாடு எது என்று பார்த்தார்; எத்-தெல் கண்ணில் பட்டது. அதையே ஜூலியாஸ் என்று எழுதினார். 1880களில் அந்தப் பக்கம் அளவையெடுத்த கோட்லீப் ஷூமாகருக்கு அது உறுத்தியது. மீனவர் ஊர் தண்ணீரை விட்டு இவ்வளவு தூரம் எப்படி இருக்கும்? கரையோரம் எல்-அராஜிலும், பக்கத்தில் மெஸாதியே என்ற இடத்திலும் இடிபாடுகளைப் பார்த்தார். மெஸாதியே, சாயிதா, சத்தமும் கொஞ்சம் ஒத்துப்போகிறது. மீனவக் குப்பம் கரையில், பிலிப்பின் பட்டணம் மேட்டில் என்று இரண்டையும் இணைத்துவிடலாமே என்ற யோசனையும் அவருடையதுதான். சச்சரவைத் தீர்க்க நினைக்கிற பெரிய மனிதர் மாதிரி இரண்டு தரப்புக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்தார். இரண்டு தரப்பும் ஏற்கவில்லை.

அதன் பிறகு நூறு வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1967 வரை அது சிரியாவும் இஸ்ரேலும் துப்பாக்கியோடு முறைத்துக்கொண்டிருந்த எல்லை. எத்-தெல் மேட்டின் தலையில் சிரியப் படையினர் வெட்டிய பதுங்குகுழிகள் இன்றும் இருக்கின்றன.

1987-ல் தொல்லியலாளர் ராமி அராவ் எத்-தெல்லில் மண்வெட்டி வைத்தார். நெப்ராஸ்கா ஒமாஹா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே பல பத்தாண்டு வேலை நடந்தது. கிடைத்ததைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. நாட்டிலேயே நன்றாகப் பிழைத்திருக்கும் இரும்புக்கால நகரவாசல்களில் ஒன்று அங்கே வெளியே வந்தது: இரண்டு பக்கமும் அறைகள், தடித்த மதில், வாசல் அருகே வழிபாட்டு மேடை, அதில் காளைத் தலையோடு ஒரு தெய்வம் செதுக்கிய கல். கேசூர் என்ற சின்ன அரமேய நாட்டின் தலைநகராக இது இருந்திருக்கவேண்டும் என்கிறார்கள். தாவீதின் மகன் அப்சலோம் அண்ணனைக் கொன்றுவிட்டு ஓடிப்போய் மூன்று வருடம் ஒளிந்திருந்தது கேசூரில். அவன் அம்மா மாக்கா அந்த ராஜாவின் மகள். கி.மு. 732-ல் அசீரிய ராஜா திக்லாத்-பிலேசர் வந்து எரித்த சாம்பல் வரை மண்ணில் இருக்கிறது.

இதெல்லாம் இயேசுவுக்கு 700 வருடம் முந்தையது. முதல் நூற்றாண்டுக்கு வரும்போதுதான் கதை இளைக்கிறது. முற்றமுள்ள சில வீடுகள், ஒன்றில் வலை பின்னும் ஊசியும் ஈயக்குண்டும் கிடைத்ததால் ‘மீனவன் வீடு’ என்றும், இன்னொன்றில் நிலவறை இருந்ததால் ‘திராட்சரசக்காரன் வீடு’ என்றும் பெயர் வைத்தார்கள். பிலிப்பின் காசு, வெண்கலத் தூபக் கரண்டி ஒன்று, சின்ன ரோமக் கோயில் என்று அராவ் சொல்லும் ஒரு கட்டடம். அவ்வளவுதான். ராஜா ஒருவர் பட்டணமாக உயர்த்தி ராயர் வீட்டுப் பெயர் வைத்த ஊருக்கு இது போதுமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஆனாலும் 1989-ல் இஸ்ரேலின் ஊர்ப்பெயர்க் குழு எத்-தெல்லை அதிகாரபூர்வமாகப் பெத்சாயிதா என்று ஏற்றது. வரைபடத்தில் ஏறியது, அப்புறம் சுற்றுலாப் பேருந்தும் வந்தது. அரசாங்க வரைபடத்தில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அராவுக்கு இருந்த உண்மையான தலைவலி அந்த 2 கிலோமீட்டர். அதற்கு அவர் தரப்பு நிலவியலாளர்களைத் துணைக்கு அழைத்தது. யோர்தான் பள்ளத்தாக்கு பூமியின் பெரிய பிளவு ஒன்றின்மேல் இருக்கிறது. நிலநடுக்கம் அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன். நிலம் உயர்ந்திருக்கலாம். மேலே மலைச்சரிவு விழுந்து யோர்தானை அடைத்து, அடைப்பு உடைந்தபோது வந்த வெள்ளம் மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். அப்படியானால் முதல் நூற்றாண்டில் ஏரியின் ஒரு கை எத்-தெல் அடிவாரம் வரை நீண்டிருந்தது. பிறகுதான் அது தூர்ந்தது. ஆறு கொண்டுவரும் வண்டலால் கடற்கரை ஊர்கள் உள்நாட்டு ஊர்களாவது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. கொற்கையை நினைத்துக்கொண்டால் தமிழ் வாசகருக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

கூடவே ஒரு எதிர்க்கணக்கும் வைத்தார்கள். ஏரியின் மட்டம் அந்தக் காலத்தில் கடல்மட்டத்துக்கு 209 மீட்டர் கீழே, அல்லது அதைவிடச் சற்று மேலேகூட இருந்தது. எல்-அராஜ் அதற்குத் தாழ்வான நிலம். ஆகவே இயேசு காலத்தில் எல்-அராஜ் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீருக்குள் யார் ஊர் கட்டுவார்கள்?

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் பேராசிரியர் இல்லை. எய்ன் கெவ் என்ற கிப்புட்சில், அதாவது கூட்டுக் குடியிருப்பில், மீன் பிடித்துக்கொண்டிருந்த மெண்டல் நுன். வறட்சியில் ஏரி வற்றும் வருடங்களில் கரையோரமாக நடந்து, பழைய படகுத்துறைகளின் கல்வரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடி அளந்தவர் அவர். துறைக் கற்கள் இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது ஏரி மட்டம் மட்டும் உயரமாக எப்படி இருந்திருக்கும் என்பது மீனவன் கேட்கிற கேள்வி. இன்றைய ஏரிமட்டத்தைப் பார்த்து அந்தக் காலத்தைக் கணிப்பதும் சரிவராது. 1932-ல் தெகானியாவில் அணை கட்டியபிறகு தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் மனிதன் கையில். நுன் எல்-அராஜ் பக்கம் நின்றார். அவர் சொன்னதைச் சோதிக்க ஒரே வழி, அங்கே தோண்டிப் பார்ப்பது.

அது 2016-ல்தான் நடந்தது. கின்னரெத் கல்லூரியின் மொர்தெகாய் அவியாமும், நியூயார்க்கின் நையாக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீவன் நாட்லியும் எல்-அராஜில் ஆரம்பித்தார்கள். ஏரி பக்கத்தில் இருப்பதால் குழிக்குள் ஊற்று சுரக்கும். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே தோண்டவேண்டிய இடம். முதலில் பைசாந்தியக் காலம், அதாவது ரோமப் பேரரசு கிறிஸ்தவமான பிறகு வந்த காலம், வெளிப்பட்டது. 2017-ல் அதற்கும் கீழே போனார்கள். இடையில் ஊர் வாழ்ந்த தடயமே இல்லாத வண்டல் அடுக்கு. அதற்கும் அடியில் ரோமக் காலத் தரை. முதல் மூன்று நூற்றாண்டுப் பானையோடுகள், ரோமர் பாணிக் குளியலறைக்கு உரிய ஓடுகளும் மொசைக் துண்டும், நீரோவின் தலை பதித்த, கி.பி. 65-66-ஐச் சேர்ந்த வெள்ளிக்காசு.

காசைவிட முக்கியமானது அந்தத் தரை இருந்த ஆழம். கடல்மட்டத்துக்கு 211 மீட்டர் கீழே. 209-ல் தண்ணீர் நின்றது என்றால் 211-ல் மனிதர்கள் குளியலறை கட்டிக் குடியிருந்திருக்க முடியாது. ஒன்று அங்கே இருந்தவர்கள் மீனாக இருக்கவேண்டும், அல்லது தண்ணீர்க் கணக்கு தப்பாக இருக்கவேண்டும். எல்-அராஜுக்கு எதிராக வைத்திருந்த மிகப் பலமான வாதம் அத்தோடு சரிந்தது. என் பார்வையில் பெத்சாயிதாத் தேடலின் திருப்பம் இதுதான். ஆனால் செய்திகளில் பெரிதாக வந்தது வேறு.

வந்தது ஒரு கோயில், கிறிஸ்தவ ஆலயம். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் எட்டாம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். பிற்பாடு பவேரியாவின் ஐக்ஷ்டெட்டுக்குப் பிஷப் ஆன வில்லிபால்ட், கி.பி. 725 வாக்கில் திபேரியாவிலிருந்து ஏரியைச் சுற்றி நடந்தார். வயதான காலத்தில் அவர் சொல்லச் சொல்ல ஹுகபூர்க் என்ற கன்னியாஸ்திரீ எழுதிவைத்தாள். கப்பர்நகூமிலிருந்து பெத்சாயிதாவுக்குப் போனோம், பேதுருவும் அந்திரேயாவும் குடியிருந்த ஊர், அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கோயில் இருக்கிறது, அங்கே இராத் தங்கிவிட்டு மறுநாள் கோராசினுக்குப் போனோம் என்று அதில் இருக்கிறது. பிசாசு பிடித்தவனை இயேசு குணமாக்கி, பிசாசுகளைப் பன்றிக் கூட்டத்துக்குள் அனுப்பிய இடம் கோராசின் என்கிறார் வில்லிபால்ட். அது தப்பு, பன்றிக் கதைக்குரிய இடமாக யாத்திரிகர்கள் போனது கிழக்குக் கரையிலிருந்த குர்சிக்கு. கிழவருக்குப் பெயர் குழம்பிவிட்டது. ஆனால் அந்தத் தப்பே நமக்கு உபகாரம். கப்பர்நகூம், பெத்சாயிதா, குர்சி என்று அவர் கரையை ஒட்டியே வலம் வந்திருக்கிறார் என்பது அதனால்தான் தெரிகிறது. அந்த வழியில் எல்-அராஜ் காலடியில் இருக்கிறது. எத்-தெல்லில் பைசாந்தியக் கோயில் எதுவும் இல்லை.

எல்-அராஜில் தொடக்கத்திலேயே பொன் பூசிய கண்ணாடி மொசைக் துண்டுகள் கிடைத்தன. பணம் உள்ள கோயிலின் சுவரில்தான் அது இருக்கும். 2019-ல் கோயிலின் தரையே வெளியே வந்தது. பிறகு 2022-ல் வெளியான செய்தி: தரை மொசைக்கில், வட்டத்துக்குள் கிரேக்கத்தில் ஒரு எழுத்து. கிறிஸ்துவின் ஊழியக்காரனாகிய கான்ஸ்டன்டீன் என்ற கொடையாளியின் பெயர் அதில் இருக்கிறது. பேரரசன் இல்லை, அதே பெயருள்ள வேறொருவன். ‘பரலோக அப்போஸ்தலர்களின் தலைவரும் தளபதியும்’ ஆனவரை வேண்டிக்கொள்ளும் வாக்கியமும் இருக்கிறது. பைசாந்தியர்கள் அந்தப் பட்டத்தைப் பேதுருவுக்குத்தான் கொடுப்பார்கள். வில்லிபால்ட் இராத் தங்கிய கோயில் இதுதான் என்று நம்ப வேறு என்ன வேண்டும்?

வில்லிபால்டைப் பொறுத்தவரை எதுவும் வேண்டாம். பெத்சாயிதாவைப் பொறுத்தவரை கொஞ்சம் நிதானிக்கவேண்டும். அந்த எழுத்தில் பேதுருவுக்கான பட்டம் இருக்கிறது, ஊர்ப்பெயர் இல்லை. எக்ரோனில் கிடைத்தது மாதிரி ‘இது பெத்சாயிதா’ என்று அது சொல்லவில்லை. இன்னொன்று, கோயில் சாட்சி சொல்வது கட்டியவர்களின் நம்பிக்கைக்கு. பேதுரு இறந்து ஐந்நூறு வருடம் கழித்து வந்தவர்கள் ‘அவர் வீடு இங்கே’ என்று நினைத்தார்கள் என்பதை அது நிரூபிக்கும். வீடு அங்கே இருந்தது என்பதை அல்ல. பக்கத்திலேயே கப்பர்நகூமில் பேதுருவின் வீடு என்று சொல்லி, அதன்மேல் எண்கோணக் கோயில் கட்டிவைத்திருக்கிறார்கள். மாற்கு முதல் அதிகாரத்தில் சீமோனின் மாமி ஜுரமாகக் கிடந்த வீடு அதுதான் என்பது நம்பிக்கை. பிறந்த ஊர் ஒன்று, வாக்கப்பட்ட ஊர் ஒன்று என்று சமாதானம் சொல்லலாம். யாத்திரிகர் வரும் வழியெல்லாம் கோயில் முளைக்கும் என்றும் சொல்லலாம்.

அதனால்தான் எனக்கு மொசைக்கைவிட அந்த 211 மீட்டர் பெரிதாகத் தெரிகிறது. மொசைக் ஒரு நம்பிக்கையைக் காட்டுகிறது. அடியிலுள்ள தரையோ, நற்செய்திக் காலத்தில் கரையில் ஒரு ஊர் இருந்தது என்பதைக் காட்டுகிறது. ரோமர் பாணிக் குளியலறை இருந்தது என்றால் அது வெறும் குப்பமும் இல்லை. யோசேபஸின் சதுப்பும் படகும் அதோடு பொருந்துகின்றன. யாத்திரிகர்கள் சொன்னதும் பொருந்துகிறது: 530 வாக்கில் வந்த தியோதோசியஸ், கப்பர்நகூமிலிருந்து பெத்சாயிதா ஆறு மைல் என்று எழுதினார். ஆறு மைல் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அந்தக் கரையில் அவர் காலத்துக் கோயிலோடு நிற்கிற வேறு இடம் இதுவரை தெரியவில்லை. எத்-தெல்லுக்கு ஏரியை நாம் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. எல்-அராஜில் எதையும் நகர்த்தவேண்டியதில்லை. இதுதான் என் கட்சி. அராவ் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; அவர் தரப்பு எத்-தெல்லை விடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எல்-அராஜை யாரும் இத்தனை காலம் பெரிதாகத் தோண்டாததற்கு ஒரு காரணம், மேலே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான். கோயில் இடிந்தபிறகு, சிலுவைப்போர்க் காலத்தில் அந்தச் சுவர்களுக்குள் கரும்பு ஆலை ஓடியிருக்கிறது. துருக்கியர் காலத்தில் டமாஸ்கஸ் ஜமீன்தார் ஒருவர் அங்கே மாளிகை கட்டினார். வண்டல், சர்க்கரை, ஜமீன்தார் எல்லாம் சேர்ந்து மூடியதால்தான் அடியிலிருப்பது பிழைத்தது. எத்-தெல்லோ மேட்டில் இருந்ததால் எல்லார் கண்ணிலும் பட்டது.

இனி என்ன கிடைத்தால் வழக்கு முடியும்? ஊர்ப்பெயர் உள்ள கல் கிடைத்தால் முடிந்தது. அது இல்லாவிட்டால் இன்னொன்று உண்டு. கி.பி. 34 வாக்கில் பிலிப்பு ஜூலியாசில்தான் இறந்தார் என்கிறார் யோசேபஸ். உயிரோடிருக்கும்போதே தனக்குக் கல்லறை கட்டிவைத்திருந்தார். அதற்குத் தூக்கிக்கொண்டுபோய் ஆடம்பரமாக அடக்கம் செய்தார்கள். ஏரோதின் மகன் தனக்கென்று கட்டியது சின்னதாக இருந்திருக்காது. மேட்டிலும் அது இல்லை, கரையிலும் இன்னும் அகப்படவில்லை.